கொம்பில்லாத பெட்டி

நான் படித்தது தாவரவியல். இதை எங்கள் தெருவில் ஒருவருக்கும் இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பட்டம் வாங்கியவளுக்கு எல்லாம் தெரியும். கைப்பேசி பூட்டிக்கொண்டால் என்னிடம் வருவார்கள். மின்கட்டணம் ஏன் கூடியது என்று என்னைக் கேட்பார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருநாள் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து, "டாக்டர் என்ன எழுதியிருக்காருன்னு படி" என்றார். எனக்குப் படிக்க வரவில்லை. அதை எழுதியவருக்கே வராது. "மூணு வருஷம் அப்படி என்னத்தடி படிச்ச?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். ஒரு தண்டைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுங்கள், அதற்குள் தண்ணீர் எந்த வழியாக ஏறுகிறது என்று காட்டுகிறேன். ஆனால் அதை யார் கேட்கிறார்கள்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். அம்மா வீட்டிலேயே தலையணை உறை தைக்கிறாள். முதல் ஆளுக்கு, 'தெரியாது' என்று சொல்லும் உரிமை கிடையாது. சொன்னால், "அப்ப இதுக்குத்தான் உங்கப்பன் மூணு வருஷம் சாரத்துல தொங்கினானா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

அந்தப் பழக்கத்தில்தான் படிவத்திலும் பொய் சொன்னேன்.

வீட்டு உபயோகச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனி, தன் உதவி எண்ணுக்கு ஆள் எடுத்தது. மிக்ஸி ஓடவில்லை, துணி துவைக்கும் இயந்திரம் சுற்றவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கலாம். படிப்பை முடித்து எட்டு மாதத்தில் நான் போட்ட முப்பத்தோராவது விண்ணப்பம் அது. முப்பதும் கிணற்றில் போட்ட கல். இது மட்டும் மேலே வந்தது. படிவத்தில் பதினேழாவது கேள்வி: உங்கள் கணினியில் ப்ளூடூத் வசதி உண்டா? எங்கே போய்ப் பார்ப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் இல்லை என்று தட்டினால் பதினெட்டாவது கேள்வி வராது என்று தெரிந்தது. உண்டு என்று தட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், கூரியரில் ஹெட்செட் வந்தது. காதையும் வாயையும் சேர்த்துப் பிடிக்கும் வகை. கூடவே ஒரு தாள். நாளைக் காலை பதினொரு மணிக்குத் தேர்வு. மூன்று போலி அழைப்புகள் வரும். நாங்கள் அனுப்பிய ஹெட்செட்டை மட்டுமே பயன்படுத்தவும். பதினொன்று ஐந்துக்குள் இணையாதவர்கள் நீக்கப்படுவார்கள். மறுதேர்வு கிடையாது.

அட்டைப் பெட்டிக்குள் ஹெட்செட்டுக்கு ஒரு பள்ளம், சார்ஜ் வயருக்கு ஒரு பள்ளம், கட்டைவிரல் நகம் அளவில் இன்னொரு பள்ளம் இருந்தன. அந்த மூன்றாவது காலி. கம்பெனி எண்ணுக்கு அடித்துக் கேட்டேன்.

"அதுல ஒரு குட்டி அடாப்டர் இருக்கணும். உங்களுக்கு முன்னாடி தேர்வு எழுதினவங்க திருப்பி அனுப்பலை போல" என்றது ஒரு குரல். "ஆனா உங்க சிஸ்டத்துலயே ப்ளூடூத் இருக்குன்னு போட்டிருக்கீங்களே. அப்ப பிரச்சினை இல்லை."

"ஆமாங்க, இருக்கு" என்றேன். இரண்டாவது பொய்.

இந்த இடத்தில் எங்கள் கணினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டதைக் கடைக்காரர் ஒருவர் துடைத்து விற்றார். அது வீட்டுக்கு வந்த அன்று எனக்குக் கடைசித் தேர்வு. கடைக்காரர் எல்லா வயரையும் மாட்டிக் காட்டிவிட்டுப் போன பிறகு, அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, வேறொருவர் கட்டிய சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார். பெட்டி நிறைய ஓட்டை. ஓட்டை என்றால் எறும்பு, பல்லிமுட்டை, தூசி. ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கொத்தனாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை சிமெண்ட் குழைத்து, முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, வட்ட ஓட்டை அத்தனையையும் அடைத்துவிட்டார். அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் விட்டார். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. வேலையில் அவ்வளவு சுத்தம்.

வட்ட ஓட்டைகள் ஒலிக்கானவை. அன்றிலிருந்து எங்கள் கணினி ஊமை.

நான் வந்து பார்த்து ஆடித் தீர்த்தபோது அப்பா நிதானமாகச் சொன்னார். "காத்து வர்ற இடத்தை விட்டுட்டேன், பாத்தியா. அது ஜன்னல். ஜன்னலை அடைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டு நாள் பேசவில்லை நான். பிறகு ஊமைக் கணினியோடு வாழப் பழகிவிட்டேன். பாட்டும் பேச்சும் கைப்பேசியில், தட்டச்சும் விண்ணப்பமும் கணினியில் என்று பிரித்துக்கொண்டேன். இந்த ஹெட்செட் வந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். வயர் இல்லாதது, ஓட்டையே வேண்டாதது. அப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு உட்கார்ந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஹெட்செட் முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தது. செட்டிங்ஸைத் திறந்தேன். ப்ளூடூத் என்று ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதை முடுக்கும் பொத்தான் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கைப்பேசியில் தேடிப் படித்தேன். டிவைஸ் மேனேஜர் என்று ஒன்று உண்டாம், பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அது. திறந்தேன். விசைப்பலகை உண்டு, மவுஸ் உண்டு, திரை உண்டு. ப்ளூடூத் என்ற பெயரே இல்லை. அடியில், பெயர் தெரியாத கருவி என்று ஒன்று, மஞ்சள் முக்கோணத்தோடு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைபோல் நின்றது.

"என்ன, முகம் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு?" அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா பல்லைக் கடிக்காதே. மிஷின் சத்தத்தை மீறிக் கேக்குது."

கடைக்காரருக்கு அடித்தேன். விவரம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"அம்மா, இதெல்லாம் கொஞ்சம் டெக்னிகல். வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க, சொல்லிப் புரியவைக்கிறேன்."

"இருக்கிற ஒரே ஆம்பளை எங்கப்பா. அவர்கிட்ட குடுத்தா உங்க கடை வாசலையும் சேத்துப் பூசிட்டு வந்துடுவார். என்கிட்டயே சொல்லுங்க."

 அவர் குரலில் கொஞ்சம் மரியாதை வந்தது. "அது ஆபீஸ் பெட்டிங்க. உள்ள வைஃபை கார்டு இருக்கும், அதுலயே ப்ளூடூத்தும் சேந்து வரும். நீங்க வயர்லதான் நெட் போடப் போறோம்னீங்க. அதனால டிரைவர் போடாம விட்டுட்டேன்."

"டிரைவர்னா?"

"பெட்டிக்குள்ள இருக்கிற கார்டோட கம்ப்யூட்டர் பேசறதுக்கு ஒரு புரோகிராம். மஞ்சள் முக்கோணம் வருதுல்ல? ஆள் வந்தாச்சு, பேச்சு புரியலைன்னு அர்த்தம்."

நன்றாகத்தான் சொல்கிறார். முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படித்துக் காட்டினேன். கணினியைச் செய்த கம்பெனியின் தளத்தில் எந்தக் கோப்பை இறக்க வேண்டும் என்று சொன்னார். இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நிறுவி, கணினியை அணைத்துப் போட்டேன். மஞ்சள் முக்கோணம் போயிருந்தது. செட்டிங்ஸில் வெறுமையாக இருந்த இடத்தில் பொத்தான் முளைத்திருந்தது. அழுத்தினேன். நீலமானது.

"அம்மா, இருக்கு. நம்ம பெட்டியில ப்ளூடூத் இருக்கு."

"இல்லாமயா இருக்குன்னு எழுதிக் குடுத்த?" என்றாள் அம்மா.



ஹெட்செட்டின் பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன வேண்டும். மின்னியது. கணினியில் புதிய கருவியைச் சேர் என்பதைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி செய்தேன். ஹெட்செட்டை அணைத்துப் போட்டேன். கணினியை அணைத்துப் போட்டேன். என்னையும் ஒருமுறை அணைத்துப் போட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். மணி பத்தாகப் பத்து நிமிடம்.

எரிச்சலில் ஹெட்செட்டை மேசைக்கு அடியில் வீசினேன். அது பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. திரையில் அதன் பெயர் வந்தது.

மூச்சுவிடாமல் தட்டினேன். இணைந்தது. குனிந்து எடுத்துத் தலையில் மாட்டினேன். துண்டித்துக்கொண்டது. திரும்பக் கீழே வைத்தேன். இணைந்தது. எடுத்தேன். போயிற்று. தரையில் படுத்து, பெட்டியின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு மாட்டினேன். பாட்டு தெளிவாகக் கேட்டது. தலையை ஒரு சாண் விலக்கினால் வெட்டி வெட்டிக் கேட்டது.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "இப்படியே படுத்துக்கிட்டுப் பரிட்சை எழுதலாம்னா எழுது. தலையணைக்கு உறை நான் தர்றேன்."

"அம்மா, கொல்லுவேன்."

பெட்டியை இழுத்துத் திருப்பினேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதன் பின்பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். வயர் போகும் இடங்களையும் காற்று வரும் ஜன்னலையும் மட்டும் அளவாக வெட்டிவிட்டு, மற்ற இடம் முழுக்க அகலமான பழுப்பு டேப், மூலைகள் மடிப்புக் குலையாமல், அப்பாவின் கைவேலை. நகத்தால் உரித்தேன். அடியில், கார்டு இருக்கும் இடத்தில், இரண்டு சின்னப் பித்தளை முளைகள் துருத்திக்கொண்டிருந்தன. திருகு வெட்டிய முளைகள். எதையோ மாட்டுவதற்கென்று இருப்பது பார்த்தாலே தெரிந்தது.

மறுபடியும் கடைக்காரர்.

"கொம்பு மாட்டலையா?" என்றார் அவர். "ஆன்டெனாங்க. கறுப்பா, விரல் நீளத்துக்கு ரெண்டு. அது இல்லாம சிக்னல் பெட்டியைத் தாண்டாது. உங்கப்பா கையிலதானே குடுத்தேன், வைஃபை வேணும்னா மாட்டிக்கங்கன்னு சொல்லி."

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. கறுப்பா ரெண்டு குச்சி."

"பேக்கிங்ல வந்த குச்சின்னு நெனச்சாருடி" என்றாள் மெல்ல. "வழவழன்னு நூல் சுத்த நல்லா இருக்குன்னு வேலைப் பையில போட்டுக்கிட்டாரு."

மணி பத்தேகால். அப்பாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கலவைக் கையோடு அவர் என்றைக்கும் எடுத்ததில்லை. சைக்கிளை எடுத்தேன்.

அப்பா அப்போது வேலை பார்த்த கட்டடம் எட்டு நிமிடத் தூரம். நான் ஆறில் போனேன். கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா, அப்பாவோடு பத்து வருடமாக வேலை செய்கிறவர். அவர்தான் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது. "கொத்தனாரே, உங்க மொளகா வருது. இன்னைக்கு நல்லா சிவந்திருக்கு" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

படியேறிப் போனேன். அப்பா மாடிச் சுவரில் வேலையாக இருந்தார். செங்கல் வரிசை கோணாமல் இருக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நூல் விறைப்பாக ஓடியது. இந்தக் கோடியில் அந்த நூல் சுற்றியிருந்தது என் ஆன்டெனா. கல் இடுக்கில் செருகி, மேலே ஒரு கல்லை வைத்து அமுக்கியிருந்தார். அந்தக் கோடியில் வெறும் ஆணி.

"அப்பா, அந்தக் கறுப்புக் குச்சி வேணும். இப்பவே."

"இரும்மா, வரி முடியட்டும். இன்னும் எட்டுக் கல்லு."

"பதினோரு மணிக்கு எனக்குத் தேர்வு. அது குச்சி இல்ல, கம்ப்யூட்டரோட ஆன்டெனா. அது இல்லாம பெட்டி வேலை செய்யாது. இன்னொண்ணு எங்க?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு... போன வாரம் ஜன்னல் சட்டம் வெச்சப்ப கலவையோட உள்ள போயிடுச்சு. எடுக்க மறந்துட்டேன்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "உங்களுக்கு ஓட்டையைப் பாத்தா அடைக்கிறது ஒண்ணுதான் தெரியுமா? என்ன ஏதுன்னு கேக்க மாட்டீங்களா? எட்டு மாசமா ஒரு வேலை கிடைக்கல. இது ஒண்ணு வந்தது, அதையும் சுவத்துல வெச்சுப் பூசிட்டீங்க."

கீழே யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. மேல் கல்லைத் தூக்கி, நூலை ஆணிக்கு மாற்றினார். பாதி வரியில் நூலைத் தளர்த்துகிறவர் இல்லை அவர். திரும்பக் கட்டும்போது மட்டம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். குச்சியை வேட்டியில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு போதுமா?"

"தெரியாது."

எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மையான தெரியாது அதுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழி முழுக்க அவர் முகம்தான் கண்முன்னே. சொன்னதைத் திரும்ப எடுக்கவும் முடியாது, சைக்கிளை நிறுத்தவும் நேரமில்லை. பெடலைத்தான் மிதித்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கொம்பின் அடியிலிருந்த திருகுக்குள் சிமெண்ட் இறுகியிருந்தது. முளையில் ஏறவில்லை. மணி பத்து முப்பத்தைந்து. அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். தடித்த ஊசி ஒன்றை எடுத்து, திருகின் ஒவ்வொரு சுற்றாகக் குத்தி, ஊதி, மறுபடி குத்தி எடுத்தாள். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, துணி நுனியால் திருகித் துடைத்தாள். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தேன்.

"வெளிச்சத்தை மறைக்காதே. உன் நிழல் உன் வேலை மேலயே விழுது."

பத்து நாற்பத்தெட்டு. முதல் முளையில் மாட்டினேன். மேசை முன் உட்கார்ந்து பார்த்தேன். இணையவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்தான், வேறொன்றும் இல்லை. "ரெண்டு முளை இருக்கில்ல?" என்றாள் அம்மா. கழற்றி இரண்டாவதில் மாட்டினேன்.

காதுக்குள் ஒரு பெண் குரல், இணைந்தது என்றது. அறையின் மறுகோடி வரை நடந்தேன். சமையல் மேடை வரை போனேன். அறுபடவே இல்லை. அம்மா மிஷினின் மேல் உறையைப் போட்டு மூடினாள். பகல் வேளையில் அவள் அதை மூடி நான் பார்த்ததில்லை.

பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன். தேர்வு நடத்திய மேடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "முதல் அழைப்பு வருது" என்றார்.

முதல் அழைப்பில் ஒரு பெண், மிக்ஸிக்கு மூடி வரவில்லை என்று என் பரம்பரையையே திட்டினார். எங்கள் தெருவில் வளர்ந்தவளுக்கு அது வெறும் தூறல். இரண்டாவது அழைப்பில் ஓர் ஆள், "உனக்கு என்னம்மா தெரியும், ஆம்பளை ஆபீசர் யாராவது இருந்தா குடு" என்றார். காலையில்தான் இதை ஒத்திகை பார்த்திருந்தேன். "என்கிட்டயே சொல்லுங்க சார், முடிச்சுக் குடுக்கறேன்" என்றேன், வெண்ணெய் தடவினதுபோல ஒரு குரலில். எனக்கே வியப்பாக இருந்தது.

மூன்றாவது அழைப்பில் ஒரு பெரியவர். அமைதியான ஆள்.

"துணி துவைக்கிற மிஷின்லருந்து தண்ணி வெளிய போகலைம்மா. மூணு நாளாச்சு. புது மிஷின். நான் ஒண்ணுமே பண்ணலை."

கேட்க வேண்டிய கேள்விகள் திரையில் வரிசையாக இருந்தன. மொத்தம் பன்னிரண்டு. மின்சாரம் வருகிறதா, எந்தப் பொத்தானில் விளக்கு எரிகிறது, என்று ஆரம்பித்துப் போகும். நான் எதையும் படிக்கவில்லை. நான் ஒண்ணுமே பண்ணலை என்று அவர் சொன்ன விதம் எனக்குத் தெரிந்த விதம்.

"ஐயா, தண்ணி போற குழாய் முனையை எதாலயாவது அடைச்சு வெச்சிருக்கீங்களா?"

 "எலி உள்ள வருதுன்னு துணி வெச்சுக் கட்டினேன். அது தப்பா?" என்றார்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தது நினைவுக்கு வந்தது.

"தப்பில்லைங்க ஐயா. எலி வர்றது நெசம்தானே. நல்லதுக்குத்தான் கட்டியிருக்கீங்க. துணிக்குப் பதிலா கொஞ்சம் வலைக்கம்பி வெச்சுக் கட்டுங்க. தண்ணி போகும், எலி வராது. இப்ப துணியை அவுத்துட்டு ஓட விடுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அழைப்பு முடிந்தது. மேடத்தின் குரல் மாறியிருந்தது.

"அந்தத் துணி விஷயம் பன்னெண்டாவது கேள்வியிலதான் வெளிய வரணும். இதுவரைக்கும் யாரும் எட்டு நிமிஷத்துக்கு முன்னாடி அங்க வரலை. நீங்க முதல் கேள்வியிலயே கேட்டீங்க. உங்களுக்கு முன்னாடி எழுதினவங்க யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. முப்பத்தொரு விண்ணப்பம் போட்டு, ஆறு நிமிடத்தில் எட்டு நிமிடத் தூரம் மிதித்து வந்து உட்கார்ந்தால், திருட்டுப் பட்டம் வேறா?

"யாரும் சொல்லலை மேடம். எங்கப்பா கொத்தனார்" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வெள்ளை சிமெண்ட், உப்புத்தாள், பழுப்பு டேப், சாரத்தில் நூல் சுற்றிய கொம்பு, அம்மாவின் ஊசி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே பதினேழாவது கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டேன். அதைத் தாண்டிப் போக வழியில்லை. "அதுல உண்டுன்னு போட்டது பொய் மேடம். எனக்கு அப்ப தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் தேடிக் கண்டுபிடிச்சேன். இருந்தது, ஆனா நான் தெரிஞ்சு எழுதலை."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். முப்பத்தோராவதும் கிணற்றுக்குள் போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

கேட்டது வேறு சத்தம். மேடம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார். மூடிய கை சரியாக மூடவில்லை.

"இன்னொரு கொம்பு?" என்றார் கடைசியில்.

"ஒரு ஜன்னலோரமா சுவத்துக்குள்ள இருக்கு மேடம்."

"எங்களுக்கு வர்ற அழைப்புல பாதி உங்கப்பா மாதிரி ஆளுங்ககிட்டருந்துதான் வருது. தேர்வுக்கு வர்ற பொண்ணுங்க எல்லாரும் ஏன் சார் அடைச்சீங்கன்னு சண்டைக்குப் போறாங்க." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "படிவத்துல இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு லாகின் பண்ணுங்க. ஹெட்செட் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அம்மாவிடம் சொன்னேன். அவள் மிஷினின் உறையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு தைக்க உட்கார்ந்து, ஒரு உறையின் நான்கு பக்கத்தையும் தைத்து மூடிவிட்டாள். தலையணை நுழைய வழியே இல்லை. "உங்கப்பா புத்தி எனக்கும் வந்துடுச்சு" என்று பிரிக்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து விசாரித்தார். போனிலேயே வேலை என்றதும், "அப்ப மூணு வருஷம் பேசக் கத்துக்கிட்ட, அதானே? முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். நான் தாவரவியல் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தபோது நேராக உள்ளே வரவில்லை. கை கால் கழுவி, வாசலிலேயே நின்று, வேலைப் பையைத் துழாவி எதையோ எடுத்து நீட்டினார். இரண்டாவது கொம்பு. முழுக்கச் சாம்பல் நிறம், ஒருபக்கம் லேசாக வளைந்திருந்தது.

"சட்டத்தோரமா ரெண்டு கல்லு பேத்து எடுத்தேன். திரும்ப வெச்சுப் பூசிட்டேன், தெரியாது" என்றார். பிறகு, "போச்சா?" என்றார்.

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மத்தியானம் முழுக்க, நான் மாடியில் நின்று சொன்னதைச் சுமந்துகொண்டு, உளியால் சுவரைக் கொத்தியிருக்கிறார்.

"கிடைச்சிடுச்சுப்பா. திங்கக்கிழமைலருந்து வேலை." வாசலுக்கு இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். "காலையில அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லாரும் இருந்தாங்க."

"நூலைத் தளத்துன அப்புறம் வரி கோணிடுச்சு. அதுக்குத்தான் வருத்தம்" என்றார். ஆனால் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "எங்க மாட்டணும்?"

காட்டினேன். அம்மாவின் ஊசியால் திருகைச் சுத்தம் செய்து, அவரே மாட்டினார். எட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, கொம்பின் பக்கத்தில் வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை இரண்டையும் நிமிர்த்தினார். கொம்பு எந்தக் கோணத்தில் நின்றாலும் வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு பெட்டியின் முன்பக்கம் வந்து குந்தினார். அடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தார்.

"இதுவும் வேணுமா?"

"வேணும்பா. அது வழியாத்தான் சத்தம் வரும்."

"வெளியதானே வரும்?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப எறும்பு அதே வழியா உள்ள போகுமே" என்றார். சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்து, வெள்ளை சிமெண்டைத் துளித் துளியாகத் தோண்ட ஆரம்பித்தார்.